சாயங்காலமே திரும்பிவிடலாம்

காஷான் ஊர்ச் சதுக்கத்தில் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் யதுல்லாவின் மஞ்சள் வாடகைக் கார் கிளம்பிவிடும். கோம் நகரத்தில் அவர்களை இறக்கிவிட்டு, அங்கே வரிசையில் நின்று, இன்னும் நான்கு பேர் சேர்ந்ததும் திரும்பி வரும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஓட்டம். போகும்போது வலது பக்கம் உப்புப் பாலைவனம், வரும்போது இடது பக்கம். அவருடைய வாழ்க்கையைச் சொல்லச் சொன்னால் அவர் மனைவி தூபா இவ்வளவுதான் சொல்லுவாள். அதற்கு மேல் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

அப்படி நாள் தவறாமல் கோமுக்குப் போய்வருகிற மனிதர், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, மறுநாள் கோமுக்குப் போய்வரத் திட்டம் போட்டார்.

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. தூபா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டிருந்ததால் ஜன்னல்கள் வெறுமையாக இருந்தன. தெருவிளக்கு நேராக உள்ளே வந்து விழுந்தது.

“விடியக்காலம் தொழுத கையோட கிளம்பிடணும்” என்றார் யதுல்லா. “பழைய ரோடு வேணாம், லாரிக்காரங்க தொல்லை. பெரிய ரோட்டுலயே போயிடலாம். ஆனா நோயாளி இருக்கிற வீடு, கோழி கூவறப்ப போய் நிக்கக் கூடாது. பாதி வழியில நிறுத்தி டீ குடிச்சிட்டு, வெயில் ஏறினப்புறம் போனா மரியாதையா இருக்கும்.”

“மத்தியானச் சாப்பாடு?” என்று கேட்டாள் தூபா.

“சாப்பிடச் சொல்லுவாங்க. மூணு தடவை வேண்டாம்னு சொல்லுவோம். நாலாவது தடவை சொன்னா உக்காந்துடலாம்.”

“சகீனா நாப்பது தடவை சொல்லுவா.”

“அவ சொல்லுவா. அவன் சொல்லணும்.”

அவர் டீயை உறிஞ்சினார். சர்க்கரைக் கட்டி பல்லுக்கு நடுவில் நொறுங்கிய சத்தம் கேட்டது.

“சாப்பிட்டு ஒரு டீ. மூணு மணிக்கு எந்திரிச்சிடணும். தர்கா ஜியாரத்துக்கு வந்த கூட்டம் அதுக்கப்புறம்தான் கிளம்பும், அதுக்குள்ள நாம ரோட்டைப் பிடிச்சிடணும். சாயங்காலமே திரும்பிவிடலாம். ராத்திரி தங்கறதுங்கிற பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்.”

“நான் தங்கணும்னு கேட்டேனா?”

“கேக்கல. அங்க போய்க் கேட்டுடாதேங்கிறேன்.”

அந்த நேரத்தில் பக்கத்துச் சந்து ஹுஜ்ஜத், வாங்கிப்போன ஜாக்கியைத் திருப்பித் தர வந்தான். அவனும் அதே வரிசையில் கார் ஓட்டுகிறவன்தான். மறுநாள் யதுல்லாவின் முறையை அவன்தான் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

“என்ன மஷ்தி, தினம் போற ரோட்டுக்கு ராணுவத் தளபதி மாதிரி திட்டம் போடறியாமே?” என்றான் வாசல் நிலையிலேயே நின்றுகொண்டு. மஷ்ஹத்துக்குப் புனிதப் பயணம் போய்வந்தவர் என்பதால் வரிசையில் எல்லோருக்கும் அவர் மஷ்திதான். “கோம் எந்தப் பக்கம்னு வேணா வரைஞ்சு தரட்டுமா?”

“தினம் போறது டிரைவருடா. நாளைக்குப் போறது விருந்தாளி.”

“விருந்தாளிக்கு என்ன, பிளாஸ்கும் பாயும்தானே? அக்கா, இவரைப் பின்னாடி உக்கார வச்சு நீங்க ஓட்டுங்க. அப்பதான் விருந்தாளி மாதிரி இருக்கும்.”

“போடா வெளிய. டீ குடிச்சிட்டுப் போ” என்றார் யதுல்லா, ஒரே மூச்சில்.

ஹுஜ்ஜத் சிரித்துக்கொண்டே ஜாக்கியைக் கீழே வைத்தான். ஆனால் கிளம்பும்போது அவன் குரல் இறங்கியிருந்தது. “போய்ப் பாத்துட்டு வா மஷ்தி. நல்ல வேலை பண்ற.”

கோமில் இருந்தது அவருடைய ஒரே தம்பி குர்பான் அலி. சவாரி கார்கள் நிற்கும் சதுக்கத்துக்குப் பின்னால், நடந்து போகிற தூரத்தில், சாவி வெட்டும் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலேயே வீடு. யதுல்லா தினமும் அந்தச் சதுக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஸ்டீயரிங் மேல் வைத்துச் சாப்பிட்டார். தம்பி வீட்டுப் படியை மிதித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சாவியைத் தொலைத்துவிட்டதாக எந்தப் பயணியாவது புலம்பினால் மட்டும், “பின்னாடி சந்துல ஒரு கடை இருக்கு, நல்லா வெட்டுவான்” என்று சொல்லி அனுப்புவார். அது தன் தம்பி என்று சொல்லமாட்டார்.

சண்டை என்று சொல்வதற்குக் கூட அங்கே ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கத்தவில்லை, யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஒரு நவ்ரூஸுக்கு இரண்டு பேரும் அவரவர் வீட்டில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இளையவர்கள்தான் முதலில் மூத்தவர் வீட்டுக்கு வர வேண்டும். குர்பானும் அதுவரை தவறாமல் முதல் நாளே மனைவி சகீனாவையும் மகன் மெய்ஸமையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவான். அந்தக் குளிர்காலத்தில் சகீனாவின் அம்மா இறந்துபோயிருந்தாள். மகள் வீட்டிலேயே பல காலம் கிடந்து, அங்கேயே உயிரை விட்டவள். வருடத்துக்குள் சாவு விழுந்த வீடு என்றால், புத்தாண்டுக்கு எல்லோரும் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டார் வெளியே கிளம்பக் கூடாது. அதனால் அண்ணன் வருவார் என்று குர்பான் காத்திருந்தான்.

யதுல்லாவின் கணக்கு வேறாக இருந்தது. “செத்தது அவன் மாமியா. அந்த அம்மாவுக்குப் பெத்த மகன் இருக்கான். துக்க வீடுன்னா அது மகன் வீடு, மருமகன் வீடு எப்படியாகும்? எனக்கு அவன் தம்பி, அவன்தான் வரணும்.”

தூபா ஆரஞ்சுகளையும் வெள்ளரிக்காய்களையும் கண்ணாடிப் பாத்திரத்தில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் வாடியதை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள். கோமிலும் ஒரு பாத்திரம் அப்படி இருந்திருக்கிறது. பதிமூன்றாம் நாள், ஊரே வெளியில் போய் மரத்தடிகளில் உட்கார்ந்து பண்டிகையை முடித்தபோது, யதுல்லா பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். அதோடு சரி. அடுத்த வருடம், போன வருடம் வராதவன் இந்த வருடம் முதலில் வரட்டும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அதற்கடுத்த வருடம் நினைக்கக்கூட இல்லை.

தூபாவுக்குக் குழந்தை இல்லை. மெய்ஸம் பாதி நாள் அவள் மடியில் வளர்ந்தவன். கோடை விடுமுறைக்கு அவன் வருவது நின்றபோது அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவன் படுக்கும் மெத்தையை மட்டும் வருடாவருடம் வெயிலில் போட்டு எடுத்து வைப்பாள். யதுல்லா அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார்.

அந்த மெய்ஸம்தான் இப்போது ஆளாகி, வார ஆரம்பத்தில் போன் செய்தான். குர்பானுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அப்பா உங்களைக் கேட்கிறார் பெரியப்பா என்றான். யதுல்லா, “கடவுள் குணமாக்கட்டும்” என்று சொல்லிப் போனைத் தூபாவிடம் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கோமுக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவை திரும்பி வந்தார்.

“அங்கதானே நின்னுட்டு வந்தீங்க. ஆஸ்பத்திரி ரோட்டு மேலயே இருக்காமே. எட்டிப் பாத்திருக்கலாம்ல?” என்று தூபா கேட்டாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமான கேள்வி வருவதே அபூர்வம்.

“வேர்வைச் சட்டையோட, கையை வீசிக்கிட்டா போகச் சொல்ற? ஆஸ்பத்திரிக்குப் போறது வீட்டுக்குப் போனதா ஆகாது தூபா. அது ஊர்ல எவன் படுத்திருந்தாலும் போறதுதான். வீட்டுக்கு அனுப்பட்டும். நல்லா உடுத்திக்கிட்டு, கையில ஏதாவது எடுத்துக்கிட்டு, உன்னையும் கூட்டிக்கிட்டு, அவன் வாசல்ல போய் நிக்கறேன். அப்ப யாரு முதல்ல வந்தாங்கன்னு கோம் முழுக்கத் தெரியட்டும்.”

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக மெய்ஸம் சொன்னான். அதனால் வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. போன வசந்தத்தில் கம்ஸர் மலையூரில் வடித்த ரோஜாப் பன்னீர் ஒரு பாட்டில், யாருக்கும் திறக்காமல் அலமாரியில் இருந்தது. யதுல்லா அதைத் தன் கையாலேயே துடைத்து, துணியில் சுற்றி, பைக்குள் வைத்தார். டீயில் இரண்டு சொட்டுப் பன்னீர் விடாமல் குடிக்கமாட்டான் குர்பான்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது யதுல்லா வாளியும் துணியுமாக வெளியே வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தூபா அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“பெரியம்மா, பெரியப்பா பக்கத்துல இருக்காரா?”

“வெளிய வண்டி கழுவறாரு. அப்பா வீட்டுக்கு வந்தாச்சா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தூபா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எப்போ?” என்றாள்.

“விடியறதுக்கு முன்னாடி. நேத்து மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் பெரியம்மா. நல்லாத்தான் இருந்தாரு. நாளைக்கு அண்ணன் வர்றாரு, இந்த மூஞ்சியோடயா இருப்பேன், ஷேவ் பண்ணிவிடுடான்னாரு. பண்ணிவிட்டேன். அம்மாவைப் பழமெல்லாம் அடுக்கி வைக்கச் சொன்னாரு...”

அவன் அழுது முடிக்கும்வரை தூபா காத்திருந்தாள். வெளியே தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“பெரியப்பாகிட்ட சொல்லிடாதீங்க. வண்டி ஓட்டிட்டு வர்றவரு. நான் வேணா ஹுஜ்ஜத் மாமாவுக்குப் போன் பண்ணி ஓட்டச் சொல்லட்டுமா?”

“வேற யாராவது ஸ்டீயரிங்கைத் தொட்டா அந்த நிமிஷமே அவருக்குத் தெரிஞ்சுடும். நான் கூட்டிட்டு வர்றேன்.”

போனை வைத்துவிட்டு அவள் அலமாரியைத் திறந்தாள். முஹர்ரம் துக்க மாதத்துக்கென்று இருந்த கறுப்புச் சட்டையை எடுத்து, சின்னதாக மடித்து, பன்னீர் பாட்டிலுக்குக் கீழே பையின் அடியில் வைத்தாள். அவளுக்கென்று எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தலையோடு போர்த்திக்கொள்ளும் சாதர் எப்போதும் கறுப்புதான்.

யதுல்லா ஈரக் கையோடு உள்ளே வந்தார்.

“யாரு போன்ல?”

“மெய்ஸம். கிளம்பியாச்சான்னு கேட்டான்.”

“தம்பி என்ன பண்றானாம்?”

“தூங்கறாராம்.”

“தூங்கட்டும். ஆஸ்பத்திரியில எங்க தூங்கியிருப்பான்” என்று சொல்லிக்கொண்டே அவர் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் பார்த்து மீசையைச் சரிசெய்தார். அத்தர் தடவினார். தூபா தரையைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்கில் டீயை ஊற்றினாள்.

முப்பது வருடங்களாக அவர் ராத்திரிச் சாப்பாட்டின்போது பயணிகளைப் பற்றிச் சொல்லிக் கேட்டவள் அவள். “இன்னைக்கும் ஒரு துக்கச் சவாரி” என்று ஆரம்பிப்பார். சாவை யாரும் நேராகச் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை, கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் நான்கு பேர் ஒரே குடும்பமாக ஏறினால், அதில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிட முடியும் என்பார். “தெரியாத ஆளு பேசிக்கிட்டே வரும், எல்லாருக்கும் விதையும் பழமும் நீட்டும். தெரிஞ்சவங்க கையில வாங்குவாங்க, வாயில போட மாட்டாங்க. தொண்டையில இறங்காது, பாவம்.”

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியபோது தூபா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

யதுல்லா பேசிக்கொண்டே வந்தார். இத்தனை வருடமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்தது. “வாசல்ல நின்னு என்ன சொல்லட்டும்? ‘எப்படி இருக்கே’ன்னா? அதை ஆஸ்பத்திரியிலயே கேட்டிருக்கணும்னு குத்திக் காட்டுவான். அவன் நாக்கு உனக்குத் தெரியாதா? ‘நான் வந்துட்டேன்’னு சொன்னா ஏதோ தோத்துட்டு வந்த மாதிரி இருக்கும்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். உள்ள போய் உக்காருங்க, போதும்.”

“அதுவும் சரிதான். சகீனா வெள்ளரிக்கா வச்சிருப்பா. நானே ஒண்ணை எடுத்து உரிச்சு, உப்புப் போட்டு, பாதியை அவன்கிட்ட நீட்டிடுவேன். சின்ன வயசுல அவன் தோலோடவே கடிப்பான். அம்மா அடிப்பா, நீ என்ன ஆடான்னு.” அவர் தனியாகச் சிரித்தார். “வாங்கிக்குவான், இல்ல?”

“வாங்கிக்குவாரு” என்றாள் தூபா.

வலது பக்கம் சூரியன் உப்பு நிலத்தின் மேல் மேலேறியது. வெளிச்சத்தில் எந்தச் சூடும் இல்லை. காற்று மணலைச் சாலையின் குறுக்கே இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் திட்டம் போட்டபடியே பாதி வழியில், லாரிகள் நிற்கும் இடத்தில், வண்டியை ஓரங்கட்டினார். காற்று பலமாக இருந்ததால் இறங்காமல் உள்ளேயே இருந்தார்கள். டீயை ஊற்றிக் கொடுத்தார். ஓர் ஆரஞ்சை உரித்து, சுளையைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினார்.

வாங்கினால் வாயில் போட வேண்டும். வாயில் போட்டால் விழுங்க வேண்டும். தூபா ஒரு சுளையைப் போட்டு விழுங்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. இன்னொன்றைப் போட்டாள். பிறகு தானே பையைத் திறந்து ரொட்டியை எடுத்து, பாலாடைக்கட்டியை வைத்து மடித்துத் தின்றாள். ஒவ்வொரு வாயையும் டீயால் தள்ளினாள். இன்னொரு சுளை.

யதுல்லா கையில் மிச்சமிருந்த ஆரஞ்சை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு அதை மெதுவாக டேஷ்போர்டு மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. அவர் வழக்கமாக ஓட்டுவதைவிட வண்டி மெதுவாகப் போனது. லாரிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. அவர் யாரையும் திட்டவில்லை. தூபாவின் போன் அடித்தது. “ஆமா, வந்துக்கிட்டே இருக்கோம்” என்று சொல்லி அவள் வைத்தாள். யார் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் போன் அடித்தால் குளியலறையிலிருந்தும் யார் என்று கேட்கிற மனிதர்.

கோமின் சுங்கச்சாவடி தூரத்தில் தெரிந்தபோது அவர் வண்டியை மண் ஓரத்தில் இறக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். காற்று வண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

“பையில கறுப்புச் சட்டை வச்சிருக்கியா?” என்றார், முன்னால் பார்த்தபடியே.

தூபா தலையை அசைத்தாள். அதை அவர் பார்த்தாரா என்று தெரியாததால், “ம்” என்றும் சொன்னாள்.

“வண்டிச் சக்கரம் நாலு சுத்து உருண்டாலே உனக்குக் குமட்டும். உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போறப்பகூட சாதரால மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தவ. முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் வண்டியில சாப்பிட்டிருக்க.”

தூபா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, நாலடி ஓடி, குனிந்தாள். தின்ற ஆரஞ்சு, ரொட்டி, டீ எல்லாம் மண்ணில் விழுந்தன. யதுல்லா பின்னாலேயே வந்து, காற்றில் பறந்த சாதரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் அவள் நெற்றியைத் தாங்கினார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியிலயா, வீட்டுலயா?” என்று அப்போதுதான் கேட்டார்.

“வீட்டுல. விடியறதுக்கு முன்னாடி. நேத்து மத்தியானமே கூட்டிட்டு வந்துட்டாங்களாம்.”

“நேத்து மத்தியானமா?” அவர் சுங்கச்சாவடிப் பக்கம் பார்த்தார். “நேத்து மத்தியானம் நான் அங்கதானே தூபா நின்னுக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரு சேரலைன்னு எவ்வளவு நேரம் சும்மா நின்னேன். அவன் தலைமாட்டுல, அந்தச் சதுக்கத்துலயே.”

சொல்லலாமா வேண்டாமா என்று தூபா யோசித்தாள். பிறகு, தனக்குள் வைத்துக்கொண்டால் அது தனக்கு மட்டும் சொந்தமாகிவிடும் என்று தோன்றியது.

“நீங்க வர்றீங்கன்னு மெய்ஸமை ஷேவ் பண்ணிவிடச் சொன்னாராம். பழம் அடுக்கி வைக்கச் சொன்னாராம்.”

யதுல்லா தன் மோவாயைத் தடவிக்கொண்டார். காலையில் அவரும் அதைத்தான் செய்திருந்தார்.

வண்டிக்குப் பின்னால் நின்று அவர் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கறுப்பைப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் ஒன்றுக்கொன்று மாறிப் போயின. தூபா எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து போட்டுவிட்டாள். அதன் மேல் அவருடைய கோட்டையும் மாட்டிவிட்டாள்.

“ஹுஜ்ஜத்தைக் கூப்பிடட்டுமா?” என்றாள்.

“எதுக்கு? ஓட்டறேன். இந்த ரோட்டை எனக்கு ஓட்டத் தெரியும்.”

சந்து முனையிலேயே மெய்ஸம் நின்றுகொண்டிருந்தான். பெரியப்பாவைக் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போய், அப்பாவுக்கு ராத்திரி மறுபடி உடம்பு மோசமாகிவிட்டது என்று ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும் என்று அவன் மனத்துக்குள் பாடம் பண்ணி வைத்திருந்தான். வண்டியிலிருந்து கறுப்புச் சட்டை இறங்குவதைப் பார்த்ததும் அவன் வாய் திறந்தபடி நின்றது. யதுல்லா நேராகப் போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

“பெரியப்பா, நீங்க கொஞ்சம்...”

“தெரியும்டா. விடு. விடு.”

உடலைக் கழுவுவதற்கு ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். தூபா சகீனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடுவில் பேரீச்சம்பழத் தட்டுகளுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, ராத்திரி அடுக்கி வைத்த பழப் பாத்திரத்தை யாரோ சமையலறைக்குள் தள்ளியிருந்தார்கள். யதுல்லா தண்ணீர் குடிக்க அங்கே போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது அவர் கோட்டுப் பை புடைத்திருந்தது. தூபா அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

இடுகாட்டில், துணியை மூடுவதற்கு முன்னால் முகத்தைக் காட்டினார்கள். மோவாய் பளபளவென்று இருந்தது. காதுக்குக் கீழே மெய்ஸமின் ரேஸர் பட்ட இடத்தில் சின்னக் கீறல். யதுல்லா குனிந்து அந்தக் கீறலைத்தான் தொட்டார். மண்ணைத் தள்ளி முடித்த பிறகு தூபா பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து, ஒரு சொட்டுக்கூட வைக்காமல், முழுவதையும் ஊற்றினார். ஈர மண்ணிலிருந்து ரோஜா வாசனை எழுந்து காற்றோடு போயிற்று.

மூன்று மணி தாண்டியது. கூட்டம் கிளம்பியது. சாயங்காலம் திரும்பும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. ராத்திரி அவர் அந்த வீட்டுத் தரையில், மெய்ஸமுக்குப் பக்கத்தில், தலையணைகூட இல்லாமல் படுத்தார்.

ஊருக்குத் திரும்பி வந்து, பல நாள் கழித்து, கோட்டைத் துவைக்க எடுத்தபோது பைக்குள் ஒரு வெள்ளரிக்காய் சுருங்கிக் காய்ந்து கிடந்தது. தூபா அதை எடுத்து எறிந்துவிட்டுக் கோட்டை நனைத்தாள்.

நவ்ரூஸ் முதல் நாள், யாரும் சொல்வதற்கு முன்பே யதுல்லா வண்டியைக் கழுவிவிட்டிருந்தார். அந்த வருடம் யார் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தொழுத கையோடு கிளம்பினார்கள். பெரிய ரோட்டில் போனார்கள். பாதி வழியில் நிறுத்தி அவர் மட்டும் டீ குடித்தார். வெயில் ஏறிய பிறகு குர்பான் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்த வருடத்தில் அந்தப் படியை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

பேரீச்சம்பழமும் டீயும் வந்தன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் சகீனா. வேண்டாம் என்றார். மறுபடி சொன்னாள். வேண்டாம்மா, எதுக்கு உனக்குச் சிரமம் என்றார். மூன்றாவது தடவையும் மறுத்தார். நாலாவது தடவை சகீனா சொன்னபோது அவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு எழுந்துவிட்டார்.

“இருந்துட்டுப் போங்க பெரியப்பா” என்றான் மெய்ஸம்.

“இல்லடா. கூட்டம் கிளம்பறதுக்குள்ள ரோட்டைப் பிடிக்கணும்” என்றார்.

வழி முழுக்கத் தூபா சாதரின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவர் எதையும் நீட்டவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தார்கள்.